இன்னாசிப் பத்தரின் நண்டு

நீக்கிலாப்பிள்ளை தன்னுடைய எழுபத்து நாலு வயதுக்குள் ஒரேயொரு உண்மையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

மற்றவற்றையெல்லாம் நம்பினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஹீத்ரோவில் முப்பத்தொரு வருடம் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்கியவர் அவர். ஒருமுறை ஒரு பெட்டி 'மே' என்று கத்தியதாம். திறந்து பார்த்தால் உள்ளே உயிரோடு ஒரு ஆடு. கழுத்தில் கட்டியிருந்த சீட்டை வாசித்து, அதைச் சரியான விமானத்தில் ஜன்னலோரமாக ஏற்றிவிட்டாராம். பனிமூட்டம் கண்ணை மறைத்த ஒரு காலையில், வெறும் சைக்கிள் லைற்றைக் காட்டி ஒரு ஜம்போ விமானத்தை இறக்கியும் இருக்கிறார். ஹவுன்ஸ்லோவில் அவர் குடியிருந்த தெருவும் அதற்கேற்ற தெருதான். அங்கே விமானங்கள் எவ்வளவு தாழப் பறக்கும் என்றால், பின்வளவில் காலையில் காயப்போட்ட சாரம் ஒன்று மத்தியானம் லிஸ்பனில் இறங்கியிருக்கிறது. சனம் அவருடைய கதைகளைக் கேட்டது, சிரித்தது, தேத்தண்ணி குடித்தது, போனது. அவருக்கும் அதில் குறை இருக்கவில்லை.

குறை அந்த ஒன்றில்தான்.

அவருடைய மனைவி பெர்னடெற் நல்ல நாள் பெருநாளுக்குச் சேலைத் தோளில் குத்துகிற புறோச் ஒன்று வீட்டில் இருந்தது. நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு சந்திரகாந்தக் கல். பாலில் ஒரு துளி நீலம் விட்டது போல் அதற்குள் ஒரு வெளிச்சம் அசையும். இலங்கையின் தெற்குப் பக்கத்து மண்ணைத் தோண்டி எடுத்த கல் அது. சுற்றிவரத் தங்கத்தில் தென்னம்பாளை. செய்தவர் நீக்கிலாப்பிள்ளையின் பூட்டன், யாழ்ப்பாணம் கன்னாதிட்டி இன்னாசிப் பத்தர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், அரசாங்கக் கச்சேரியில் அதிகாரியாக இருந்த ஒரு துரையின் பெண்சாதிக்காகச் செய்தது.

இன்னாசிப் பத்தருக்குக் கை சுத்தம், நாள்தான் சுத்தமில்லை. கேட்டால் 'வாற வெள்ளி' என்பார். அந்த வெள்ளி வந்து கேட்டால் மறுபடி 'வாற வெள்ளி' என்பார். ஏழாவது வெள்ளிக்கிழமை துரைசானி தானே குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். பட்டடை வாசலில் நின்று, "நீ ஒரு நண்டு. எல்லாப் பக்கமும் போகிறாய், முன்னுக்கு மட்டும் போகமாட்டாய்" என்று முதலியார் ஒருவரை வைத்து மொழிபெயர்த்துத் திட்டிவிட்டுப் போனாள். பத்தர் அன்றைக்கே, கல்லைப் பதிக்குமுன், கல் இருக்கப்போகிற குழியின் தரையில் ஊசிமுனையால் ஒரு நண்டைக் கீறினார். அதன் மேல் கல்லை வைத்து மூடினார். இனி இவள் கோயிலுக்கும் விருந்துக்கும் நண்டை நெஞ்சில் குத்திக்கொண்டு திரியட்டும் என்று அவருடைய எண்ணம். ஆனால் பாளையின் கடைசிப் பூவைச் செய்து முடிப்பதற்குள் துரைக்கு மாற்றல் வந்து, இருவரும் கப்பலேறிவிட்டார்கள். புறோச் பத்தரின் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கதை இவ்வளவுதான். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். நீக்கிலாப்பிள்ளைக்கு நிறுத்த வராது. எண்பத்தாறாம் ஆண்டு லண்டனின் எட்மண்டனில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பத்தர் புறோச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்தக் கப்பலுக்குப் பின்னால் நீந்தினார் என்று ஒரு துண்டைச் சேர்த்தார். சபை ரசித்தது. அடுத்த வருடம் ஒரு சுறா வந்தது. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. இரண்டு சுறாவோடு கதை முற்றி, காய்த்து, லண்டன் முழுக்கப் பரவியது. நண்டு அடியில் எங்கேயோ போய்விட்டது.

"சுறாவை விடுங்கோ, நண்டு உண்மை" என்று அவர் கதை முடிவில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வார். சபை அதற்குத்தான் கூடுதலாகச் சிரிக்கும்.

அந்த நண்டைக் கண்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒன்பது வயதில், கல் ஒருமுறை கழன்று விழுந்தபோது கண்டது. பிறகு கல் இறுக்கப்பட்டது, அதோடு சரி. பெர்னடெற்கூடக் கண்டதில்லை.

பெர்னடெற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்குப் பொய் வராது. பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில், தவக்காலத்தில் தின்ற பிஸ்கற் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறவர். எண்ணி முடிப்பதற்குள் பாதிரியார் நித்திரையாகிவிடுவார். பிள்ளை பிறந்த வீடு ஒன்றில், "என்ன அக்கா, பிள்ளை வடிவோ?" என்று கேட்டதற்கு, "இப்ப இல்லை. போகப் போகச் சரிவரும்" என்று சொல்லிவிட்டு வந்தவர். இப்படி ஒரு பெண்ணோடு அப்படி ஒரு மனிதர் நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அது அவருடைய கதைகள் எல்லாவற்றையும் விட நம்பக் கஷ்டமான விஷயம். ஆனால் அதற்குக் கோயிலில் பதிவு இருக்கிறது.

இந்த வருடம் பங்குனியில் மகள் பெனிற்றா புறோச்சைப் படம் எடுத்து ஓரிடத்துக்கு அனுப்பினாள். கிழக்கு லண்டனில் ஒரு சின்ன மியூசியம். குடியேற்றக் காலத்தில் அந்தந்த நாட்டு ஆட்கள், அந்தந்த மண்ணின் கல்லிலும் தங்கத்திலும் செய்த நகைகளை ஒன்றாகக் காட்டப் போகிறார்களாம். மறுகிழமையே பதில் வந்தது. நீக்கிலாப்பிள்ளை புறோச்சை இருமல் இனிப்பு டின் ஒன்றுக்குள் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு தானே கிளம்பினார்.

நகைகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் வத்சலா என்ற பெண், கும்பகோணத்துக்காரி. டின்னைத் திறந்ததும் அவள் மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தாள். நீக்கிலாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்தது ஐந்து நிமிடம்தான். அவள் மற்ற நகைகளையும், ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் காட்டினாள். நியூசிலாந்தின் பச்சைக்கல் புறோச். செய்தவர் பெயர் இருந்தது. ஆஸ்திரேலியாவில் தோண்டிய தங்கத்தில் ஒரு வளையல். செய்தவர் பெயரும் கடை இருந்த தெருவும் இருந்தன. கடைசியில் அவருடையது: 'சந்திரகாந்தக் கல், தங்கம். இலங்கை, சுமார் 1890. செய்தவர்: தெரியவில்லை.'

"தெரியாதோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "ஆருக்குத் தெரியாது? எனக்குத் தெரியும். இன்னாசி. எழுதும் பிள்ளை, இன்னாசி."

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. மத்தவங்கள்லாம் பின்னாடி முத்திரை குத்தியிருக்காங்க. உங்களோடதுல எதுவுமே இல்லையே?"

"எங்கட ஆக்கள் முத்திரை குத்திறேல்லை. வேலையைப் பாத்தால் ஊருக்கே தெரியும் ஆற்ற கை எண்டு."

"ஆமா. ஆனா அந்த ஊரு இப்ப இங்க வந்து சொல்லாதே அங்கிள்."

நீக்கிலாப்பிள்ளை கதையைத் தொடங்கினார். சுறா வரக்கூடாது என்று ரயிலில் வழி முழுக்க மனதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னார். குதிரை வண்டியைச் சொன்னார். துரைசானியின் திட்டைச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கப்பல் புறப்பட்ட இடத்தில் வத்சலா பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கண்களை அகல விரித்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவருக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்துவிட்டது. பத்தர் கடலில் குதித்தார். முதல் சுறா வந்தது. இரண்டாவதை அடக்கப் பார்த்தார், அதுவும் வந்தது.

"சூப்பர் அங்கிள்!" என்று வத்சலா வாய்விட்டுச் சிரித்தாள். பேனையின் மூடி 'டிக்' என்று பொருந்தியது.

"சுறாவை விடும் பிள்ளை! நண்டு உண்மை. கல்லுக்குக் கீழ கிடக்கு. கழட்டிப் பாரும்."

அவள் சிரிப்பை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு புறோச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நண்டு இருந்தா அது ஒண்ணே போதும் அங்கிள். நீங்க சொல்றது குடும்பத்துக்குள்ள வந்த கதைதான்னு நானே வாதாடுவேன், இன்னாசின்னு பேரைப் போட்டுடுவேன். ஆனா கல்லை நாங்க இங்க தொட முடியாது. நகை உங்களுது. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆசாரிகிட்ட குடுத்து, பத்திரமா கழட்டி, ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பாலிஷ் மட்டும் பண்ணிடாதீங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் இதெல்லாம் அச்சுக்குப் போயிடும்."

"வெள்ளிக்கிழமையோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. அந்த நாளின் பெயரில் ஏதோ இடறியது.

திங்கட்கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் றஜீவின் நகைக்கடைக்குப் போனார். றஜீவ் தானே பட்டறையில் இருந்து வேலை செய்கிறவர்; கிழக்கு லண்டனில் பாதித் தாலிக்கொடிகள் அவர் கை பட்டவை. புறோச்சை உரைகல்லில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்து, மருந்துத் துளி விட்டுப் பார்த்தார்.

"அண்ணை, இருபத்திரண்டு. தங்கப் பவுணை உருக்கித்தான் செய்திருக்கினம். வேலை எண்டால் இது வேலை!"

"கல்லைக் கழட்டித் தாரும். இண்டைக்கே."

"இண்டைக்கோ? மூண்டு கலியாணம் கழுத்தில நிக்குது அண்ணை. வாற வெள்ளி."

நீக்கிலாப்பிள்ளை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்றுமுப்பது வருடத்துக்குப் பிறகு, அவர்களுடைய பரம்பரையில் முதல் ஆளாக, அவருக்கு அந்தத் துரைசானி மேல் இரக்கம் வந்தது.

"வெள்ளி காலமை. பிந்தினால் எனக்குச் சாவு. கழட்டி அப்பிடியே வையும். உள்ளுக்க கை வையாதையும், மினுக்க வேண்டாம். விளங்குதோ?"

"ஓமண்ணை, ஓமண்ணை."

நண்டைப் பற்றி அவர் றஜீவிடம் மூச்சுக் காட்டவில்லை. சொன்னால் சிரிப்பார். அந்தக் கிழமை அவருக்கு இன்னொரு சிரிப்பைத் தாங்க ஏலாது. அதுதான் அவர் விட்ட பிழை. அது வெள்ளிக்கிழமைதான் அவருக்குத் தெரிய வந்தது.

செவ்வாய் போன் எடுத்தார். றஜீவ், தொடங்கவில்லை என்றார். புதன் எடுத்தார்; கடையில் சனம் என்றார். வியாழன் எடுத்தார், போன் தானாக அடித்துத் தானாக ஓய்ந்தது. அந்த நாலு நாளும் அவர் வீட்டுக்குள் நடந்த நடையில் கம்பளத்தில் ஒரு பாதை விழுந்து, பக்கத்து வீட்டுப் பூனை வந்தால் அதில் இடப்பக்கமாகவே போகப் பழகிக்கொண்டது. புறோச் எதற்காகக் கடைக்குப் போயிருக்கிறது என்று பெர்னடெற் கேட்டபோது, "மியூசியக்காரர் கேட்டவை" என்று மட்டும் சொன்னார். நண்டென்று சொன்னால் வீட்டுக்குள்ளும் சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய இலவசப் பயணப் பாஸ் வேலை செய்யத் தொடங்கிய நிமிடமே ரயிலில் இருந்தார். றஜீவ் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றார். றஜீவ் அவரை உள்ளே இருத்தி, ரோஸ் நிறக் கடதாசியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, கலியாணப் பெண்ணின் முகத்திரையை எடுக்கிறவர் போல மெல்லப் பிரித்தார்.

கடைக்குள் ஒரு பல்பு கூடுதலாக எரிந்தது போல இருந்தது. தென்னம்பாளை நேற்றுப் பூத்தது மாதிரி மின்னியது. கல் தனியாகப் பக்கத்தில் கிடந்தது. கல் இருந்த குழி கண்ணாடி மாதிரி இருந்தது. நீக்கிலாப்பிள்ளை அதற்குள் குனிந்து பார்த்தார். அதற்குள்ளிருந்து நீக்கிலாப்பிள்ளை அவரைப் பார்த்தார்.

"மினுக்க வேண்டாம் எண்டு சொன்னனே," என்றார்.

"நீங்கள் சொன்னியள்தான். பிறகு பெர்னடெற் அக்கா போன் எடுத்தவ. வெள்ளைக்காரர் நாலு பேர் பாக்கிற இடத்துக்குப் போற சாமான், அழுக்கோட அனுப்பிச் சனத்தைச் சிரிக்க வைக்காதையும் தம்பி எண்டு சொன்னவ. நியாயம்தானே? ராத்திரி இருந்து உள்ளும் புறமும் செய்தனான். காசு வேண்டாமண்ணை."

"உள்ளும்."

"ஓம். குழிக்குள்ள ஒரு கீறல் கிடந்தது. சும்மா கீறலில்லை, நல்ல ஆழம். ஆரோ பழைய பத்தர் உளியை வழுக்கவிட்டிருக்கிறார் எண்டு நினைக்கிறன். அதையும் மெத்தெண்டு எடுத்துவிட்டன்."

"எப்பிடிக் கீறல்?"

"பூச்சி மாதிரி. ஒரு பக்கம் நாலு கால், மற்றப் பக்கம் நாலு கால். முன்னுக்கு ரெண்டு கை, இப்பிடி," என்று றஜீவ் இரண்டு கையிலும் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடிக் காட்டினார். காட்டிக்கொண்டே அவருடைய கை மெதுவாக நின்றது. "அண்ணை... இது..."

"படம் எடுத்தனீரோ?"

"அழுக்கை ஆர் படம் எடுக்கிறது?"

நீக்கிலாப்பிள்ளை எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்தார். அறுபத்தைந்து வருடமாகத் தான் ஒருவரே கண்ட சாட்சியாக இருந்தவருக்கு இப்போது இன்னொரு சாட்சி கிடைத்திருக்கிறது. கண்ட கையோடு அதை அழித்தவர். நண்டின் கதையை அவர் அப்போதுதான் றஜீவுக்குச் சொன்னார். சுறா இல்லாமல், கப்பல் இல்லாமல், மூன்றே நிமிடத்தில் சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன ஆகக் குறுகிய கதை அது. றஜீவ் சிரிக்கவில்லை.

"கத்தாதேங்கோ அண்ணை," என்றார் றஜீவ், அவர் கத்தாமலே இருந்தபோதும். பட்டறை மேசையின் லாச்சியை இழுத்து ஒரு கூர்ச் சாமானை எடுத்தார். "கண்ணை மூடினால் அப்பிடியே நிக்குது. எட்டுக் கால், ரெண்டு கை, வலக்கை கொஞ்சம் பெரிசு. பத்து நிமிசம் தாங்கோ. அதே இடத்தில, அதே ஆழத்தில கீறிக் கொஞ்சம் கறுப்பும் ஏத்திவிடுறன். கீறினவரே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்."

சுவரில் மணி பதினொன்று. அச்சுக்குப் போவது மாலை. ஒரு ஆட்டை ஜன்னலோரத்தில் இருத்தியவருக்கு, ஒரு நண்டைக் குழிக்குள் இருத்துவதில் என்ன கஷ்டம்? கீறினால் இன்னாசி என்ற பெயர் கண்ணாடிக்குள் வரும். ஆஸ்திரேலியாக்காரனுக்குப் பக்கத்தில் வரும். றஜீவ் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிவிட்டுக் குனிந்தார்.

"வையும் கீழ," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"ஏன்?"

"சாமானைக் கீழ வையும் எண்டு சொல்லுறன்!" இப்போது உண்மையாகவே கத்தினார். வெளியே பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர வாயால வந்ததுக்க இது ஒண்டுதான் உண்மை. இதையும் நீர் கீறித் தந்தால் பிறகு என்னட்டை என்ன கிடக்கு? ஆடு கிடக்கு. சைக்கிள் லைற்று கிடக்கு. நண்டும் அதுக்க போய்ச் சேர்ந்திடும்."

அந்தக் கோபம் றஜீவ் மேலா, பெர்னடெற் மேலா, இத்தனை வருடமும் சுறா வளர்த்த தன் மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை. மூன்றுக்கும் போதுமான அளவு இருந்தது.

அங்கிருந்தே வத்சலாவுக்குப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னார். போனை வாங்கி றஜீவும் சொன்னார். தன் கடைப் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று, எண்ணி எட்டுக் காலும் இரண்டு கையும் சொன்னார்.

"பாலிஷ் பண்ணாதீங்கன்னு சொன்னேனே அங்கிள்," என்றாள் வத்சலா. "நண்டு இருந்துச்சு, நேத்து ராத்திரிதான் அழிஞ்சுபோச்சு, பார்த்தவரு உங்களுக்குத் தெரிஞ்ச கடைக்காரர். நான் நம்பறேன்னே வச்சுக்குங்க. மேல எப்படி சொல்லுவேன்?"

அவள் 'வச்சுக்குங்க' என்று சொன்ன விதம் அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடமாக அவருடைய சபைகளில் கேட்ட குரல் அது.

றஜீவ் கல்லைப் பழையபடி பதித்துக் கொடுத்தார். அதற்கு முன் ஒருவருக்கும் தெரியாமல், வெறும் குழியை நீக்கிலாப்பிள்ளை விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது.

புறோச்சை மியூசியத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பெர்னடெற் சமையலறையில் நின்றார். "என்னப்பா, வடிவாய் மினுக்கித் தந்தவனே?" என்று கேட்டார். நீக்கிலாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். பெர்னடெற் அடுப்பை நிற்பாட்டினார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"அப்ப," என்றார், "நண்டு உண்மையா இருந்ததோ?"

மற்றவை எல்லாவற்றையும் நீக்கிலாப்பிள்ளை பொறுத்துக்கொண்டிருப்பார். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு வந்த இந்தக் கேள்வியைப் பொறுக்க ஏலவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் கதை பேச்சு எல்லாவற்றையும் நிறுத்தினார். உப்புக் கேட்கவில்லை, ரிமோட் கேட்கவில்லை. எட்டு நாள். எட்டாவது நாள் தெருமுனையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பெர்னடெற்றை நிறுத்தி, விமானங்களின் இரைச்சல் இந்த ஒரு கிழமையாக ஏன் இவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது என்று விசாரித்தார்.

கண்காட்சியை மறுநாள் சனிக்கிழமை பின்னேரம் திறந்தார்கள். பெனிற்றா இருவரையும் காரில் கொண்டுபோய் விட்டாள். புறோச் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் துணியில் இருந்தது. அந்த அறையிலேயே ஆகக் கூடுதலாக மின்னியது அதுதான். பக்கத்தில் அச்சடித்த அட்டை: 'செய்தவர்: தெரியவில்லை.' நீக்கிலாப்பிள்ளை ஒருமுறை வாசித்தார். பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒன்றும் இருக்கவில்லை.

பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் தடி ஊன்றிய ஒரு கிழவரும் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒருத்தி அட்டையை வாசித்து, யார் செய்தது என்று தெரியாதாம், பாவம், என்றாள்.

"தெரியும்," என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது. "இன்னாசி."

பெர்னடெற்றின் குரல்.

நீக்கிலாப்பிள்ளை திரும்பவில்லை. காதை மட்டும் திருப்பினார். பெர்னடெற் சந்தைக்குப் போய்வந்த செய்தியைச் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைகள். குதிரை வண்டி. துரைசானியின் திட்டு. கல்லுக்குக் கீழே நண்டு.

"நீங்கள் பார்த்தீர்களா அதை?" என்று கிழவர் கேட்டார்.

"என் கண்ணால் பார்த்தேன்," என்றார் பெர்னடெற். "எட்டுக் கால், இரண்டு கை. வலக்கை பெரிது. என்னுடைய பிழையால் அழிந்துபோனது."

நீக்கிலாப்பிள்ளை இப்போது திரும்பினார். பிஸ்கற்றை எண்ணிச் சொல்கிற பெண், கண் இமைக்காமல் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பொய் சொல்லிப் பழகாத முகம். வேறு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வத்சலாவும் வந்து நின்றாள். கப்பல் புறப்பட்டது. பத்தர் புறோச்சை வாயில் கவ்விக்கொண்டு கடலில் குதித்தார். தடிக்காரக் கிழவர் கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தின் ஓரத்தில், எழுத்துக் கூட்டி, இன்னாசி என்று எழுதினார். வத்சலாவின் பேனையின் மூடி திறக்கிற 'டிக்' கேட்டது.

"அப்போது," என்றார் பெர்னடெற், "மூன்று சுறாக்கள் வந்தன."

பெயர் எழுதப்படுகிறது. சனம் நம்புகிறது. எட்டு நாள் பிடித்து வைத்திருந்த கோபத்தை இறக்கி வைக்க இதை விட நல்ல இடம் கிடைக்காது. எல்லாம் நீக்கிலாப்பிள்ளைக்கு விளங்கியது. ஆனாலும் முடியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு போய் மனைவியின் காதோரம் குனிந்தார்.

"இஞ்சேரும். சுறா ரெண்டு."

"மூண்டு," என்றார் பெர்னடெற் திரும்பாமலே.

"ரெண்டு! நான் வளத்த சுறா எனக்குத் தெரியாதே? மூண்டு எண்டால் ஆர் நம்புவினம்?"

"பேசாமல் நில்லுங்கோ," என்றார் பெர்னடெற், அந்த வெள்ளைக்காரியைப் பார்த்துச் சிரித்தபடி. "நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில எண்ணிச் சொல்லவேணும். மூண்டு எண்டு மனசில வைச்சாச்சு. இனிக் குறைக்க ஏலாது."